கேமரா இருந்தது, கை இல்லை: முதல் விண்நடைகள் படமான விதம்

கீழே நீலக் கடல், மேலே கறுப்பு வானம், நடுவில் வெள்ளை உடையில் மிதக்கும் ஒரு மனிதர். 1965 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்திலிருந்து வெளியே வந்த எட் ஒயிட்டின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அடுத்த முறை அதைப் பார்க்கும்போது அவருடைய வலது கையைக் கவனியுங்கள். கையில் ஒரு வாயுத் துப்பாக்கி இருக்கும். இரண்டு சிறிய ஆக்சிஜன் குடுவைகளிலிருந்து வாயுவைப் பீய்ச்சி ஆளை நகர்த்தும் கருவி அது. அதன் தலையில் கறுப்பாக ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அது காண்டாரெக்ஸ் 35 மி.மீ. கேமரா.

அந்தக் கேமரா எடுத்த படங்கள் இன்று யார் நினைவிலும் இல்லை. நாம் பார்க்கும் படத்தை எடுத்தவர் கலத்துக்குள் இடது இருக்கையில் இருந்த ஜேம்ஸ் மெக்டிவிட். வெளியே போனவரிடமும் கேமரா இருந்தது, உள்ளே இருந்தவரிடமும் கேமரா இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவருக்குத்தான் கை காலியாக இருந்தது. 1965 முதல் 1971 வரையிலான விண்நடைப் படங்களில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே போனால், பெரும்பாலும் இதே கணக்கில்தான் வந்து நிற்கும்.

விண்நடை செய்த முதல் ஆளிடமிருந்தே தொடங்கலாம். 1965 மார்ச் 18 அன்று சோவியத் யூனியனின் வஸ்கோத் 2 கலத்திலிருந்து அலெக்ஸெய் லியோனவ் வெளியேறி, சுமார் 12 நிமிடங்கள் வெளியே இருந்தார். அவர் மார்பில் ஒரு சிறிய கேமரா பொருத்தப்பட்டிருந்தது. ஷட்டரை அழுத்தும் கம்பி தொடைப் பக்கம் வரை வந்திருந்தது. தரையில் உடையைப் போட்டுப் பார்த்தபோது கை அங்கே எட்டியது. வெற்றிடத்தில் எட்டவில்லை.

காரணம் உடையின் உள்ளழுத்தம். அவருடைய பெர்கூத் விண்ணுடைக்குள் 0.4 வளிமண்டல அழுத்தம். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் துணியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 400 கிராம் எடைக்குச் சமமான விசை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. தரையில் அதை எதிர்க்கச் சுற்றிலும் காற்று இருக்கிறது, வெளியே எதுவும் இல்லை. உடை ஊதிக்கொண்டது. விரல்கள் கையுறையின் நுனியைவிட்டு உள்வாங்கின, பாதங்கள் காலணியைவிட்டு விலகின. நன்றாகக் காற்றடித்த சைக்கிள் டியூபுக்குள் கையை விட்டு மடக்குவது போன்ற நிலை. மடக்கலாம், ஆனால் விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும். தொடைவரை கையைக் கொண்டுபோய், அங்கே ஒரு சிறிய பித்தானைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்துவது நடக்கவில்லை. மார்புக் கேமரா ஒரு படமும் எடுக்காமல் திரும்பியது.

அப்படியானால் லியோனவ் மிதக்கும் படங்கள் எங்கிருந்து வந்தன? அவை திரைப்படச் சுருளிலிருந்து வெட்டியெடுத்த சட்டங்கள். வஸ்கோத் கலத்தின் மின்னணுக் கருவிகள் காற்றால் குளிர்விக்கப்பட்டவை. அறையிலிருந்து காற்றை வெளியேற்றினால் அவை சூடேறிக் கெட்டுவிடும். அதனால் கலத்துக்கு வெளியே ஊதி விரியும் ஒரு குழாய் அறையைச் சேர்த்தார்கள். அதன் உள்விட்டம் சுமார் ஒரு மீட்டர். தளபதி பாவெல் பெல்யாயெவ் காற்றுள்ள அறைக்குள் கலத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். எனவே குழாய் அறையின் வெளிவாயில் ஓரத்தில் ஒரு திரைப்படக் கேமராவை லியோனவே பொருத்த வேண்டியிருந்தது. தொலைக்காட்சிக் கேமராவும் உண்டு. படம் மங்கலாக, துகள் துகளாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். சிறிய திரைப்படச் சட்டம் ஒன்றைப் பத்திரிகையின் முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கினால் அப்படித்தான் இருக்கும்.

பொருத்தியது பாதி வேலைதான். விண்நடை முடிந்ததும் குழாய் அறையை வெடித்துக் கழற்றி விட்டுவிடுவார்கள். கேமராவை உள்ளே கொண்டுவராவிட்டால் ஃபிலிமும் அதோடு போய்விடும். ஒரு கையில் கேமரா, மறு கையால் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான கயிற்றைச் சுருட்ட வேண்டும், உடையோ ஊதிப்போயிருக்கிறது. திட்டப்படி கால்களை முதலில் விட்டு நுழைய வேண்டியவர் உடையின் அழுத்தத்தை ஏறக்குறைய 0.27 வளிமண்டலம் வரை குறைத்துக்கொண்டு தலையை முதலில் விட்டு நுழைந்தார். பிறகு அந்த ஒரு மீட்டர் குழாய்க்குள் உடம்பை மடக்கித் திரும்பினார். உயிருக்கு ஆபத்தான அந்த நிமிடங்களின் நெருக்கடியில் ஒரு பங்கு கேமராவுக்கும் உண்டு. (அதே பயணத்தில் கலத்துக்குள் உட்கார்ந்து வண்ணப் பென்சில்களால் சூரிய உதயத்தை வரைந்தார் லியோனவ். பித்தானை எட்ட முடியாத கைக்குப் பென்சில் வசப்பட்டது.)

ஜெமினியின் ஏற்பாடு வேறு. அதில் வஸ்கோத்தின் குழாய் அறை போன்ற காற்றுப்பூட்டு அறை கிடையாது. கலத்தின் காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டு வலது பக்கக் கதவைத் திறந்தார்கள். எனவே உள்ளே இருந்த மெக்டிவிட்டும் வெற்றிடத்தில்தான் இருந்தார். அவர் உடையும் விறைத்திருந்தது, கையுறையும் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் இருக்கை இருந்தது. இடுப்பில் வார் இருந்தது. கேமராவை இரு கைகளாலும் பிடிக்க முடிந்தது. இந்த வித்தியாசம் போதும்.

அவர் கையில் இருந்தது ஹாசல்பிளாட் 500சி, அதில் ஸைஸ் நிறுவனத்தின் 80 மி.மீ. பிளானார் லென்ஸ், 70 மி.மீ. எக்டாக்ரோம் ஃபிலிம். ஹாசல்பிளாட் விண்வெளிக்குப் போனது தற்செயல் போலத்தான். 1962 அக்டோபரில், ஜெமினிக்கு முந்திய மெர்குரித் திட்டப் பயணத்துக்காக விண்வெளி வீரர் வால்டர் ஷிரா ஹூஸ்டன் கடையில் வாங்கிவந்த சாதாரணக் கேமராவில் தொடங்கியது. தோல் உறையை உரித்தார்கள், பளபளப்பைக் கறுப்பு வண்ணத்தால் மறைத்தார்கள். பளபளப்பு இருந்தால் கேமராவின் பிம்பமே சன்னல் கண்ணாடியில் விழுந்து படத்துக்குள் வந்துவிடும். தோல், பசை, எண்ணெய் ஆகியவை வெற்றிடத்தில் ஆவியாகி லென்ஸில் படியும். எண்ணெய் போனால் ஷட்டர் இறுகும். 120 ஃபிலிமில் 12 படம் என்ற வழக்கத்தையும் விட்டுவிட்டு நீண்ட சுருள் பிடிக்கும் பெட்டிகளைப் பொருத்தினார்கள். விறைத்த கையுறையோடு 12 படத்துக்கு ஒருமுறை ஃபிலிம் மாற்ற யாராலும் முடியாது.

வ்யூஃபைண்டரும் பெரிய தலைவலி. தலைக்கவசத்தின் கண்ணாடி கண்ணுக்கும் கேமராவுக்கும் இடையே நிற்கிறது. கண்ணை வ்யூஃபைண்டரில் ஒட்டவைக்கவே முடியாது. குனிந்து பார்க்கும் வழக்கமான ஹாசல்பிளாட் மூடி இங்கே பயனில்லை. கேமராவை நெஞ்சளவில் பிடித்துத் தோராயமாகக் குறிவைப்பதுதான் வழி. ஃபோகஸையும் ஒளி அளவையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிட வேண்டும்.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஏஎஸ்ஏ 64 வேக (ஒளியுணர்வு) ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது), ஷட்டர் 1/60 நொடி என்பது பழைய பாடம். அதற்குச் சமமானது எஃப் 8, 1/250. வளிமண்டலத்துக்கு மேலே வெயில் தரையைவிடக் கடுமை. அதிலும் எதிரே இருப்பது வெள்ளை உடை, பின்னால் வெள்ளை மேகம். ஒரு ஸ்டாப் குறைத்தால், அதாவது ஒளியைப் பாதியாக்கினால், எஃப் 11, 1/250. எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிம் தவறைப் பொறுக்காது. அரை ஸ்டாப் கூடினால் உடையின் மடிப்புகள் வெளுத்துப்போகும், ஒரு ஸ்டாப் குறைந்தால் நிழல் பக்கம் மையாகிவிடும். கறுப்பு வானத்தை நம்பி மீட்டர் காட்டும் அளவை வைத்தால் இன்னும் மோசம். வானம் இருட்டாக இருப்பதால் மீட்டர் அதிக ஒளி கேட்கும், ஆள் வெள்ளைப் பொட்டாகிவிடுவார்.

உதவிக்கு ஒன்று இருந்தது: பூமி. படப்பிடிப்பில் நிழல் முகத்துக்கு ஒளி கொடுக்கத் தெர்மகோல் அட்டை பிடிப்பார்கள் அல்லவா, அந்த வேலையை மேகங்களும் கடலும் செய்தன. சூரியனின் ஒளியில் சுமார் 30 சதவீதத்தைப் பூமி திருப்பி அனுப்புகிறது. ஒயிட்டின் உடையில் நிழல் பக்கத்திலும் தையல்கள் தெரிகின்றன என்றால் அது இந்த எதிரொளியால்தான். பூமியைவிட்டுத் தள்ளிப்போன பயணங்களில் இந்தச் சலுகை கிடைக்காது.

ஃபோகஸுக்கு வருவோம். ஒயிட்டைக் கலத்தோடு இணைத்த, ஆக்சிஜன் கொடுக்கும், பொன்னிற நாடா சுற்றிய தொப்புள்கொடியின் நீளம் 25 அடி, அதாவது 7.6 மீட்டர். அதற்கு மேல் அவர் போக முடியாது. 80 மி.மீ. லென்ஸை எஃப் 11இல் வைத்து, ஃபோகஸை 4.5 மீட்டரில் நிறுத்தினால், இந்த ஃபிலிம் அளவுக்கு ஏறக்குறைய 3 மீட்டரிலிருந்து 8.4 மீட்டர் வரை தெளிவாக வரும். கொடியின் முழு நீளமும் அதற்குள் அடக்கம். வளையத்தைத் திருப்பவே வேண்டாம். விலையாகப் பூமி சற்றே மென்மையாகிவிடும். மேகங்களின் விளிம்பு முதலிலேயே மென்மைதான் என்பதால் அது யார் கண்ணையும் உறுத்தாது.

வேகத்தைப் பற்றிப் பலருக்குத் தவறான பயம் உண்டு. நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கலத்திலிருந்து எடுத்தால் படம் கலங்காதா? 1/250 நொடியில் கலம் சுமார் 31 மீட்டர் நகரும். 200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 80 மி.மீ. லென்ஸ் வழியாக ஃபிலிமில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் மிதப்பவர்தான் கலங்குவார். 3 மீட்டர் தூரத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஆடினால் ஃபிலிமில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் இழுபடும். ஆகவே ஷட்டர் வேகத்தைத் தீர்மானித்தது ஆளின் ஆட்டம்தான், கலத்தின் ஓட்டமல்ல.

இவ்வளவு சரியாக வைத்தாலும் மெக்டிவிட்டுக்குச் சன்னல் ஒன்றுதான். அதுவும் சிறியது, முன்னோக்கிப் பார்ப்பது, பல அடுக்குக் கண்ணாடி கொண்டது. அதன் முன்னால் ஒயிட் வந்தால்தான் படம். துப்பாக்கியில் வாயு இருந்தவரை ஒயிட்டால் இஷ்டப்படி முன்னே வர முடிந்தது. சில நிமிடங்களில் வாயு தீர்ந்துபோனது. பிறகு கொடியை இழுத்துத்தான் நகர வேண்டும். கொடி கட்டப்பட்ட புள்ளியும் உடம்பின் எடைமையமும் ஒரே கோட்டில் இல்லாததால் ஒவ்வொரு இழுப்பும் அவரைச் சுழற்றியது, கலத்தின் மேலும் பின்னும் கொண்டுபோனது. சன்னலுக்கு முன்னே வா என்று மெக்டிவிட் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒருமுறை ஒயிட் சன்னலிலேயே உரசிக் கண்ணாடியை அழுக்காக்கிவிட்டார். மெக்டிவிட் வேடிக்கையாகத் திட்டியது பதிவில் இருக்கிறது. படமெடுப்பவருக்கு அது முழு வேடிக்கை அல்ல.

துப்பாக்கித் தலையில் கேமராவை வைத்த யோசனை வரைபலகையில் அழகாக இருந்திருக்கும். ஒரே கையில் இரண்டு வேலை. ஆனால் துப்பாக்கியை நகர்வதற்காகத் திருப்பும்போது கேமரா வேறெங்கோ பார்க்கும். கலத்தைக் குறிவைக்கத் திருப்பினால், அதற்குள் உடல் சுழன்றுவிட்டிருக்கும். நிலையாக நிற்க வழியில்லாதவருக்கு எந்த லென்ஸும் உதவாது. உள்ளே திரும்பச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் ஒயிட் கலத்தைப் படமெடுக்க முயன்றுகொண்டிருந்தார்.

ஜெமினி 9 முதல் லென்ஸ் மாறியது. ஹாசல்பிளாட் சூப்பர் வைட், 38 மி.மீ. பையோகான் லென்ஸோடு வந்தது. இது சரியான முடிவு. 80 மி.மீ. லென்ஸ் 3 மீட்டர் தூரத்தில் சுமார் 2 மீட்டர் அகலத்தைத்தான் பிடிக்கும். கை விரித்த ஒரு மனிதர் விளிம்பைத் தொட்டுவிடுவார். 38 மி.மீ. அதே தூரத்தில் 4 மீட்டருக்கு மேல் பிடிக்கும். கயிறு நீளமாகாது, ஆனால் பார்வை அகலமாகும். மேலும் இதை எஃப் 11இல் 2.2 மீட்டரில் வைத்தால் 1.1 மீட்டரிலிருந்து எல்லையின்மை வரை தெளிவு. குறி சற்றுத் தவறினாலும் ஏதோ ஒன்று படத்தில் இருக்கும். குறிபார்க்க முடியாத ஒருவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. 1966 ஜூன் 5 அன்று யூஜின் செர்னன் வெளியிலிருந்து எடுத்த படங்களில் கலத்தின் மூக்கும் பாம்பாக நெளியும் கொடியும் ஒரே சட்டத்தில் கிடைத்தன. அதன் பிறகு அவருடைய நிலைமை மோசமானது. பிடிக்க இடமில்லாமல் போராடியதில் உடல் சூடேறி, முகக்கவசம் உள்ளே ஆவியால் மூடிக்கொண்டது. எதிரே இருப்பதே தெரியாதவர் எங்கே படமெடுப்பது?

1966 ஜூலையில் ஜெமினி 10. மைக்கேல் காலின்ஸ் வெளியேறி, பக்கத்தில் மிதந்த, ஆளில்லாத பழைய அஜீனா கலத்துக்குச் சென்று, விண்வெளி நுண்கற்கள் மோதும் தடங்களைப் பதிவு செய்ய அதில் வைத்திருந்த தகட்டை எடுத்துவந்தார். வேறொரு கலத்தைச் சுற்றுப்பாதையில் கையால் தொட்ட முதல் மனிதர். அதற்கு ஒரு நிழற்படம்கூட இல்லை. அவரிடமிருந்த ஹாசல்பிளாட் கழன்று மிதந்து போய்விட்டது. அஜீனாவின் முனையில் பிடிப்பதற்குச் சரியான கைப்பிடி இல்லை, வழுக்கியது. இரண்டு கைகளும் உயிர் பிடிப்புக்கே போதவில்லை. தளபதி ஜான் யங் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். கட்டுப்பாடு இல்லாத ஒரு கலத்தின் பக்கத்தில் தன் கலத்தை மோதாமல் கையால் நிறுத்திவைத்திருந்தார் அவர். காலி கை அந்தக் கலத்தில் யாரிடமும் இல்லை.

சோவியத் பக்கத்திலும் இதே கதை நடந்தது. 1969 ஜனவரி 16 அன்று சோயுஸ் 5இலிருந்து யெலிசேயெவும் ஹ்ருனோவும் வெளிவழியாகவே சோயுஸ் 4க்குப் போனார்கள். கலம் மாறிய முதல் விண்நடை. ஹ்ருனோவின் இணைப்புக் கயிறு சிக்கிக்கொண்டதில் கவனம் சிதறி, யெலிசேயெவ் திரைப்படக் கேமராவைப் பொருத்தத் தவறினார். மிஞ்சியது தெளிவற்ற தொலைக்காட்சிப் படம் மட்டும்.

விஷயம் புரிந்து திருந்தியது ஜெமினி 12. 1966 நவம்பரில் பஸ் ஆல்ட்ரின். தண்ணீர்க் குளத்தில் மூழ்கி ஒத்திகை பார்த்தவர் அவர். கலத்தில் கைப்பிடிகள், இடுப்புக் கயிறுகள், கால்களைச் செருகிக்கொள்ளும் பிடிப்புகள் என்று எல்லாம் சேர்க்கப்பட்டன. மூன்று விண்நடைகளில் மொத்தம் ஐந்தரை மணி நேரம் களைப்பில்லாமல் வேலை செய்தார். நடுவில் ஜேம்ஸ் லவல் பக்கத்துச் சன்னலைத் துணியால் துடைத்தும் விட்டார். ஜெமினி 4இன் அழுக்கு நினைவிருந்தால் அது சாதாரண உதவி அல்ல என்று தெரியும்.

ஆல்ட்ரினின் மூன்று விண்நடைகளில் இரண்டு, கதவைத் திறந்து இருக்கையில் எழுந்து நின்றபடி செய்தவை. அப்படி நின்றதற்கும் படமே காரணம். விண்மீன்களின் புற ஊதாக் கதிரைப் பதிவு செய்ய வேண்டும், சன்னல் கண்ணாடி அதை விழுங்கிவிடும். கதவைத் திறந்து வைத்து, கதவோரத்தில் கேமராவைத் தாங்கியில் பூட்டி, பல வினாடிகள் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஆல்ட்ரின் கேமராவைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி ஒன்று எடுத்தார். விண்வெளியில் எடுத்த முதல் செல்ஃபி என்று இன்று சொல்கிறார்கள். அதைச் சாத்தியமாக்கியது விளையாட்டு மனநிலை மட்டுமல்ல. இடுப்புக்குக் கீழே கலத்துக்குள் ஊன்றி நின்றதும், கேமரா தாங்கியில் பூட்டியிருந்ததும்தான். லியோனவுக்கு இரண்டுமே இல்லை.

1969 மார்ச் 6, அப்போலோ 9. ரஸ்டி ஷ்வைகார்ட் நிலாக்கலத்தின் முகப்பில் கால்பிடிப்புக்குள் பாதங்களைச் செருகி நிற்க, டேவிட் ஸ்காட் அதோடு இணைந்திருந்த கட்டளைக் கலத்தின் கதவில் இடுப்பளவு வெளியே வந்து நின்றார். இருவரும் ஊன்றி நின்றதால் ஒருவரை ஒருவர் படமெடுத்துக்கொண்டார்கள். நிழலும் வெயிலும் தெளிவாக விழுந்த அந்தப் படங்கள் இந்தக் காலகட்டத்தின் மிகச் சிறந்தவை என்று சொல்லலாம். நிலாக்கலத்துக்குள் தளபதியாக இருந்தவர், நான்கு வருடம் முன்பு ஒயிட்டைப் படமெடுத்த அதே மெக்டிவிட். ஸ்காட்டின் திரைப்படக் கேமரா நடுவில் சிக்கிக்கொண்டது. சரிசெய்ய மெக்டிவிட் ஐந்து நிமிடம் கொடுத்தார். ஷ்வைகார்ட்டுக்கு அந்த ஐந்து நிமிடமும் வேலையில்லை. திரும்பிப் பூமியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை தன்னை மாற்றியதாகப் பிற்காலத்தில் பலமுறை பேசியிருக்கிறார்.

1971 ஆகஸ்ட் 5 அன்று நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிலாவிலிருந்து திரும்பும் வழியில், பூமியைவிட்டு 3 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், அப்போலோ 15இன் ஆல்ஃப்ரெட் வோர்டன் வெளியே வந்தார். நிலாவைச் சுற்றியபோது நிலப்பரப்பைப் படமெடுத்த கேமராக்கள் பின்பகுதியில் இருந்தன. பூமிக்குள் நுழையும்போது அந்தப் பகுதி எரிந்துவிடும் என்பதால் ஃபிலிம் பெட்டிகளை முன்கூட்டியே எடுத்துவர வேண்டும். கைப்பிடிகளைப் பற்றியபடி போய், ஒவ்வொன்றாகக் கழற்றி, கதவில் நின்ற ஜேம்ஸ் இர்வினிடம் கொடுத்தார். 40 நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. கதவில் நின்ற இர்வினுக்குப் பின்னால் நிலா பெரிதாகத் தெரிந்தது. அந்தக் காட்சியைப் பிடிக்க வோர்டன் கையில் கேமரா இல்லை. அவர் சுமந்துவந்த பனோரமிக் கேமராப் பெட்டி ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீள ஃபிலிம் இருந்தது, அத்தனையிலும் நிலா.